ஆறு குட்டை ஒயர்களுக்காக மச்சானிடம் மன்னிப்பு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் இடது காதும் உங்கள் அக்காவின் வலது முழங்காலும் மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரம்மாவும், உங்கள் ரேடியோ ரிப்பேர்க் கடையும், மேசை மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் பெட்டிகளும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நாம் பேசி ஆறு வாரம் ஆகிறது. இடையில் மூன்று தரம் உங்கள் கடைக்கு ஃபோன் வந்து, நீங்கள் "அலோ" என்றதும் வைக்கப்பட்டதே, அது நான்தான். வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. சாலிடர்தான் சரி, திருகாணி தப்பு. நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் எள்ளளவு திருகாணிகளை நம்பிச் சோறு தின்றவன் இதைத் தன் கையால் எழுதுகிறான் என்றால் அவன் மனசு என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரம்மாவும் இதைப் படிப்பார் என்பதால் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்ற உங்கள் அக்கா, நூலக மாடியில் நடக்கும் கிட்டார் வகுப்பில் சேர்ந்ததும், நான் "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்டதும், "இத்தன வருஷம் அடுத்தவங்க பேசறதுக்காக ஒயர் குத்தினேன், இனி எனக்காகக் குத்திக்கறேன்" என்று அவள் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஒவ்வொன்றாக ஏழு பெடல் வந்து சேர்ந்தன. காலால் மிதிக்கிற சோப்புப்பெட்டி மாதிரி இரும்புப் பெட்டிகள். ஒன்று சுருதி பார்க்கும், ஒன்று சத்தத்தைத் தடிமனாக்கும், ஒன்று நடுங்க வைக்கும், ஒன்று சொன்னதையே நாலு தரம் சொல்லும், ஒன்று எங்கள் முன்னறையை மலைக்குகை ஆக்கிவிடும். மிச்சம் இரண்டும் என்ன செய்கின்றன என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டால் "இல்லாதப்பதான் தெரியும்" என்கிறாள். ஏழையும் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, பக்கத்துப் பெட்டியோடு பக்கத்துப் பெட்டியை ஆறு குட்டை ஒயரால் இணைக்க வேண்டும். கடையில் கிடைத்த ஒயர்கள் ஒன்று ரொம்ப நீளம், இல்லாவிட்டால் எட்டாத குட்டை. நாமே வெட்டிச் செய்துகொள்ளலாம் என்றார் கடைக்காரர். அதற்கு இரண்டு வழி. ஒயரின் தோலைச் சீவி, பிளக்கில் வைத்து ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது ஒன்று, அதுதான் சாலிடர். ஒயரை வெட்டி அப்படியே பிளக்குக்குள் செருகித் திருகாணியை முடுக்குவது இன்னொன்று. இந்த இரண்டில்தான் நம் குடும்பம் இரண்டானது.

அன்றைக்கு எங்கள் சமையலறையில் நீங்கள் சொன்ன வார்த்தை இன்னும் என் நல்ல காதில் இருக்கிறது. "அத்தான், கண்ணாடி கழண்டா புடிச்சுக்க மூக்கு இருக்கு. சத்தம் கழண்டா என்ன இருக்கு?" என்றீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "உங்க கடையில வரிசையா நிக்கற ரேடியோ எல்லாம் சாலிடர் போட்டதுதானே, அப்புறம் ஏன் ரிப்பேருக்கு வந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். டம்ளரில் டீ ஆறக்கூட இல்லை. உங்கள் அக்கா அந்த டீயை ஜன்னலோரம் வைத்துவிட்டு ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீம்புக்கு நானே உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெயில் தரையில் நீளமாகப் படுத்திருக்கும் நேரம் பார்த்து உங்கள் அக்கா வாசிப்பாள்; பக்கத்து மேசையில் நான் ஒயர் வெட்டுவேன். அவள் வாசிப்பதை நீங்கள் கேட்டதில்லை. ஒரு சுரம் போகும். அது அறையின் மூலை வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் இன்னொன்று கிளம்பும். இரண்டும் நடுவழியில் சந்தித்து ஏதோ பேசிக்கொள்ளும். திரைச்சீலை தானாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். தண்ணீருக்கடியில் கண்ணாடிக்கடை வைத்திருப்பது போலவும், மீன்கள் வரிசையில் நின்று பார்வைச் சோதனைக்கு எழுத்து வாசிப்பது போலவும் ஒரு நாள் தோன்றியது. கண் விழித்தபோது கையில் திருப்புளி இருந்தது, ஒயர் ஒன்று கச்சிதமாக முடிந்திருந்தது. பெருமையோடு கொண்டுபோய்ச் செருகினேன். சத்தமே வரவில்லை. உங்கள் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது உங்க கண்ணாடிக் கயிறு" என்றாள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, திருகாணியை இம்மி பிசகாமல் முடுக்கியிருந்தேன். ஒயர் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. திருகாணி மேல் எனக்கே உள்ளூரச் சந்தேகம் வந்து, உங்கள் அக்கா காய்கறி வாங்கப் போன சமயத்தில் திருட்டுத்தனமாக ஒரு சாலிடரிங் அயர்ன் வாங்கி வந்து முயன்று பார்த்தேன். அந்தப் புகை இருக்கிறதே மச்சான், ஊதுவத்தி மாதிரி நெளிந்து நெளிந்து மேலே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குள் பிளக்கின் நடுவிலிருந்த பிளாஸ்டிக் உருகி, மேசைவிரிப்பில் ஓட்டை விழுந்து, என் சட்டையின் மூன்றாவது பட்டன் பாதியாகி, எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரே ஒரு ஒயர் தேறியது. அதுவும் யாராவது விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் வேலை செய்யும். திரும்பி வந்த உங்கள் அக்கா புகை வாசனையை முகர்ந்து, "என் தம்பி வந்தானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அன்றைக்கு அவள் வாசிக்கவில்லை.

ஆகக் கடைசியில் ஆறும் திருகாணி ஒயரே. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போய் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்ப்பேன். கரகர என்றால் கால் சுற்று முடுக்குவேன். இப்படியே போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. நூலக மாடியில் நாலு மணிக்கு உங்கள் அக்காவின் முதல் கச்சேரி. முப்பது நாற்காலி, பத்தொன்பது பேர். பல் டாக்டர் வந்திருந்தார், தபால்காரர் வந்திருந்தார், அவளுடன் வேலை பார்த்த இரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தன் கைப்பையை வைத்து, "அங்க யாரும் உக்கார வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மேடையேறினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தாள். முதல் பாட்டு எங்கே தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மின்விசிறியின் சத்தம்தான் மெல்ல இனிமையாகிவிட்டது என்று நினைத்தோம். பல் டாக்டர் வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தார். அவரிடம் வருகிறவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படி. தபால்காரர் மடியில் இருந்த கை, இல்லாத கடிதங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில்தான் அது நடந்தது. எதிரொலி மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேய்ந்து தேய்ந்து போய், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஸ்பீக்கரில் சத்தமில்லை. எதிரொலி உடனே அறுந்துபோகாமல் தேய்ந்ததால், கோளாறு எதிரொலிப் பெட்டிக்கு முன்னாலேயே இருக்கிறது, போனது சுருதிப் பெட்டியை ஒட்டிய முதல் ஒயர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மண்டியிட்டு, எழுபது வயதில் பத்தொன்பது பேர் பார்க்க நான் மேடையை நோக்கித் தவழ்ந்தேன். பாதி வழியில் அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம் என்று. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நிறுத்தவில்லை. வெறும் கம்பியின் சத்தம், புல்லுக்குள் பூச்சி பாடுகிற அளவுக்குத்தான் கேட்டது. என் இடது காதுக்கு அதுவும் இல்லை. அப்போது எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் முன்னால் வருகிறார்கள். அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, நெருப்புக் காய்கிறவர்கள் மாதிரி குனிந்து கேட்டார்கள். கடைசி இரண்டு வரியில் சத்தம் தானாகத் திரும்பி வந்தது. லூஸ் காண்டாக்டின் லட்சணமே அதுதானே. கை தட்டினார்கள், தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்த மாதமும் வாசிக்க வேண்டும் என்று நூலகர் சொல்லிவிட்டார். ஆனால் நான் தலை நிமிரவில்லை. அவள் முதல் கச்சேரியில் என் திருகாணி அவளைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே மச்சான், ஆறு ஒயரையும் கழற்றி வைத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை காலையில் உங்கள் அயர்னை எடுத்துக்கொண்டு வந்து நீங்களே பற்றவைத்துத் தர வேண்டும். ரேடியோக்களைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் கடையில் எந்தப் பெட்டியும் உங்களை எதிர்த்துப் பேசாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தவறை உணர்ந்த உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒயர் ஒண்ணும் போகலீங்க. சுருதிப் பெட்டிய மிதிச்சா சத்தம் நின்னுடும். நான்தான் மிதிச்சேன். எல்லாரும் தூங்கற மாதிரி இருந்துச்சு, எனக்கும் வெறும் கம்பியக் கேக்கணும்போல இருந்துச்சு. அப்புறம் நானே மறுபடி மிதிச்சேன்" என்றாள். அப்படியானால் திருகாணி ஜெயித்துவிட்டது, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே அனுப்புங்க. அவன் சொன்னது சரின்னு எழுதினாத்தான் வருவான். பின்குறிப்பு கிறிப்பு எழுதிடாதீங்க" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை, அவள் அடுப்படியில் இருக்கும்போது எழுதுகிறேன். சனிக்கிழமை வரும்போது இதைப் படித்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல், கொஞ்சம் கர்வமாகவே வாருங்கள்.