நரம்புச் சோதனையில் எழுந்து நின்றவன்

பெரிய ஆள் யாராவது உள்ளே வந்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை, டாக்டர், வாத்தியார், யாராக இருந்தாலும் எழுந்துவிடுவேன். தோட்டத்தில் இதைப் பணிவு என்பார்கள். என் மனைவி செல்வமணி பயம் என்பாள். (அவள் சொல்வதுதான் சரி.)

உர மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பில் பிடித்த வலி, இடது காலில் இறங்கி, பெருவிரல் வரை மரத்துப் போய்விட்டது. எங்கள் வேலையை மேற்பார்வையிடுகிற கண்டாக்கையா நம்பவில்லை.

"நரம்பு நசுங்கியிருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா லேசு வேல தாரேன். இல்லாட்டி திங்கக்கெழம மூட்டைக்கு வந்துரு."

அதனால் செல்வமணியையும் கூட்டிக்கொண்டு கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைக்குளிர் போதாதென்று அந்த அறையில் ஏசி வேறு. நர்ஸ் என்னைப் படுக்க வைத்து, காலில் வட்ட வட்டமாக ஏதோ ஒட்டி, வயர்களை மாட்டினார். டாக்டர் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். வயர்கள் பிய்ந்து தொங்கின.

"எழும்ப வேணாம் ஐயா, படுங்க" என்றார் டாக்டர். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். "கால்ல சின்னதா கரண்ட் குடுப்போம். இடுப்புல நரம்பு நசுங்கியிருந்தா கால்ல தெரியும்."

மறுபடி ஒட்டினார்கள். டாக்டர் வெளியே போய் வந்தார். எழுந்தேன். மறுபடி ஒட்டினார்கள். ஊசி எடுக்கப் போய் வந்தார். எழுந்தேன்.

டாக்டரின் முகம் மாறியது. "இடுப்பு வலின்னு தானே சொன்னீங்க? நான்கூட இவ்வளவு வேகமா எழும்ப மாட்டேன்."

எனக்கு உர மூட்டை கண்முன்னே வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் உயிர் போய்த்தான் வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கூச்சத்தில் கொட்டாவிதான் வந்தது.

செல்வமணிதான் காப்பாற்றினாள். "நெசமாவே வலிங்க டாக்டரம்மா. கோட்டு போட்டவங்களப் பாத்தா இவருக்கு இருப்புக் கொள்ளாது. எனக்கு ஒரு நாளும் எந்திரிச்சதில்ல. நீங்க கோட்டக் கழட்டிட்டு என் சால்வையப் போத்திக்கங்க, எரும மாதிரி படுத்துக் கெடப்பாரு."

டாக்டர் சிரித்தார். ஆனால் அப்படியே செய்தார். "அக்காவுக்குக் குளிருமே" என்று தன் கோட்டை அவளிடம் கொடுத்தார்.

அதன்பிறகு எருமையாகவே கிடந்தேன். கரண்ட் கொடுத்தபோது பெருவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. கெண்டைக்கால் சதையில் ஊசி குத்தியதும் மெஷினிலிருந்து எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம்.

"இது தான்" என்றார் டாக்டர், ஊசியை எடுத்தபடி. "நரம்பு நசுங்கித்தான் இருக்கு. பொய் இல்ல."

நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்து, திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்க செல்வமணி கால்மாட்டுக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டோடு.

நான் எழுந்து நின்றேன். மெஷினும் வண்டியோடு கூடவே வந்தது.

"ஐயா, அது உங்க சம்சாரம்" என்றார் சால்வைக்குள்ளிருந்து டாக்டர்.

செல்வமணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கட்டும் டாக்டரம்மா. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

லேசு வேலை கிடைத்துவிட்டது. இப்போது உட்கார்ந்தபடி தேயிலைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்புகிறேன். ஆனால் கிளம்பும்போது அந்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "ஒரேயடியா உக்காந்திருக்காதீங்க ஐயா, அடிக்கடி எழும்புங்க."

செல்வமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து வாசலில் நின்று தொண்டையைச் செருமுவாள். அடுப்படியிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "அப்பா, டாக்டரம்மா வந்தாச்சு."

எழுந்து நிற்கிறேன். இடுப்புக்கு நல்லதாம். அவள் முகத்தைப் பார்த்தால், அவளுக்கு அதைவிட நல்லது என்று தெரிகிறது.