பின்னுக்குப் போகாத லொறி

நிந்தவூரிலே பின்வாங்கத் தெரியாத ஒரே மனிதர் லொறிக் காக்காதான். அவருடைய லொறியும் அப்படியே. ரிவஸ் கியர் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது. வயலிலிருந்து நெல் ஏற்றியவரைக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. வட்டமடித்துத் திரும்ப வயலில் இடமா இல்லை?

எண்பதுகளின் தொடக்கத்தில், அறுவடை முடிந்து லொறி சும்மா நின்ற ஒரு மாதம், அதன் நெற்றியில் ‘ஹயருக்கு’ என்று சிவப்பில் எழுதிக்கொண்டு ஊருக்குள் வாடகை ஓட இறங்கினார்.

“ரிவஸ் இல்லாம எப்பிடிக் காக்கா ஹயர் ஓடுற?” என்று கேட்டேன்.

“முன்னுக்குப் போற ஆக்களுக்கு மட்டும் ஓடுவன்.”

என்ன சாமான், எவ்வளவு பாரம் என்றெல்லாம் கேட்கமாட்டார். குறுகலான ஒழுங்கைக்கு மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் ஒரே கேள்வி. இல்லையென்றால் சாமானை றோட்டில் இறக்கி, தானும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வீடுவரை நடப்பார்.

எனக்கு மூத்தவளான ராத்தாவின் கல்யாணத்தன்று காலை, கல்முனையிலிருந்து கட்டிலும் அலுமாரியும் ஏற்ற அவரைத்தான் பிடித்தேன்.

“அங்கால வழி இரிக்கா தம்பி?”

“ஓம் காக்கா.”

வழி இருந்தது, போன கிழமை வரைக்கும். நான் வெளியூரில் கந்தோர் வேலையில் இருந்த நேரம் பார்த்துக் கடைசி வளவுக்காரர் குறுக்கே மதில் கட்டிவிட்டார். நானோ அன்று காலை வந்திறங்கி, வீட்டுக்குப் போகாமலே லொறியைப் பிடித்திருந்தேன். லொறி அந்த மதிலுக்கு நாலு முழம் முன்னால், எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சாமானை இறக்கிவிட்டு ஆறு பேர் பின்னால் தள்ளிப் பார்த்தோம். சில்லு மணலில் இன்னும் புதைந்தது. பின்னேரம் மாப்பிள்ளை வருகிறார்.

வாப்பாவின் முகம் கறுத்தது. “வழி இரிக்கெண்டு ஆரு சொன்ன?”

நான் வாயைத் திறக்குமுன் காக்கா முந்திக்கொண்டார். “ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான் பார்க்காமப் பூந்திட்டன்.”

இனி ஊரில் ஒருவரும் ஹயருக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துதான் அதைச் சொன்னார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை நாற்பது பேரோடு வந்தார். லொறியைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தார்.

“காக்கா, நான் எங்க பிடிக்கிற?”

“பம்பரப் பிடிங்க. லைட்டத் தொடாதீங்க, உடஞ்சிரும்.”

கரைவலை இழுப்பவர்கள்போல் குரல் கொடுத்து, முன்னாலும் இரு பக்கமும் பிடித்து நாற்பது பேரும் தள்ளினார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காக்காவும் வெளியே மாப்பிள்ளையும் கண்ணாடி வழியே முகத்துக்கு முகம்.

“நல்ல பெலம் மாப்பிள்ள,” என்றார் காக்கா. “பொண்ணு வீட்டார் பார்த்துத்தான் எடுத்திரிக்காங்க.”

அதுவரை உறைந்து நின்ற வாப்பா குலுங்கிச் சிரித்தார். லொறி ஒழுங்கையை விட்டு வெளியேறிய பிறகும் அவர் சிரிப்பு நிற்கவில்லை. மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. ஹயருக்குக் கூப்பிட்டவர்கள், தள்ளுவதற்கு ஆளும் தயார் என்று சொல்லியே கூப்பிட்டார்கள்.

பிறகு ஊரில் ரிவஸ் உள்ள லொறிகள் எத்தனையோ ஹயருக்கு வந்தன. என் கல்யாணக் கட்டில் காக்காவின் லொறியில்தான் வரவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.