வகுத்தல்காரரும் இருபத்திரண்டு பல்புகளும்

நாமக்கல்லுக்குக் கரண்டு வந்த புதிதில், சுவிட்சைப் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்த மனிதர் ஒருவர்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தாலும், யோசிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். அவருக்குப் பெயர் என்னவோ இருந்தது. ஊர் அவரை வகுத்தல்காரர் என்றுதான் கூப்பிட்டது.

தொழில் ஒயர்மேன். இடுப்பில் திருப்புளி, காதில் சாக்குக்கட்டி. எந்த வீட்டில் வேலை செய்தாலும் சுவிட்சுக்கு மேலே சுவரில் ஒரு கணக்கு எழுதிவிட்டுத்தான் இறங்குவார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். ஒரு வீட்டில் அதை ஏதோ மந்திரச் சக்கரம் என்று எண்ணி, தினமும் குங்குமம் வைத்து வந்தார்கள்.

நான் அப்போது ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். அவருக்கு அடுத்த அறையில் குடியிருந்தேன். ஒரு நாள் காப்பிக் கடையில் அவரிடம், பக்கத்திலிருக்கும் வேலூரிலிருந்து வந்த வெற்றிலைக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, அந்தத் தடைங்கிறது என்னங்க?"

"உங்க வண்டியில சண்டி மாடு இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க."

"நீங்க தார்க்குச்சியால குத்துறது வோல்ட்டுங்க. அது நடக்குற நடை ஆம்பியர். குத்தை நடையால வகுத்தா, மாட்டோட சண்டித்தனம் எத்தனைன்னு தெரிஞ்சுபோகும். அதானுங்க தடை."

வெற்றிலைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு எதுக்குங்க கணக்கு? மாட்டை வித்துப்புட்டா ஆச்சு!"

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஊரின் பெரிய பஸ் முதலாளி, தம் மகன் கல்யாணத்துக்குப் பந்தல் விளக்குப் போட அழைத்தார். நூறு வாட் பல்புகள் இருபத்திரண்டு. மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் எல்லாம் ஜோராக எரிந்தன. அப்போதுதான் முதலாளி, மைத்துனர் சீமையிலிருந்து கொண்டுவந்த எலெக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்தார். மாப்பிள்ளையின் பட்டுக் கோட்டு, சம்பந்தி வீட்டார் கண் முன்னால் அதில்தான் தேய்க்கப்பட வேண்டும். கரிப்பெட்டியோடு வந்திருந்த சலவைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வகுத்தல்காரர் பெட்டியின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். நூற்றுப்பத்து வோல்ட், ஐந்து ஆம்பியர். சாக்குக்கட்டி காதிலிருந்து இறங்கியது.

"முதலாளி, இதுக்குத் தடை இருபத்திரெண்டு. நம்மூரு கரண்டு எரநூத்தி இருவது வோல்ட்டுங்க. சொருகினா பத்து ஆம்பியர் ஓடும். ஐநூத்தம்பது வாட்டுப் பெட்டி ரெண்டாயிரத்தி எரநூறு வாட்டு தின்னும். நாலு மடங்குங்க!"

"வோல்ட்டு ரெண்டு மடங்குதானப்பா? நாலு எங்கிருந்து வந்துச்சு?"

"தள்ளுறதும் ரெண்டு மடங்கு, ஓடுறதும் ரெண்டு மடங்குங்க. பெருக்கிப் பாருங்க. கோட்டும் மிஞ்சாது, ஓலைப் பந்தலும் மிஞ்சாது."

சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "சொருகுடா!" என்று பஸ் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார்.

மெக்கானிக் நகர்வதற்குள் வகுத்தல்காரர் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். கீழே ஐம்பது பேர். "இறங்குடா!" "போலீஸைக் கூப்பிடு!" நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்தேன். அவருக்குக் கூட்டாளி என்று எனக்கும் நாலு வசவு கிடைத்தது.

அண்ணாந்து பார்த்தேன். மனிதர் பல்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்!

"சாமி! ஒரு பல்புக்குத் தடை நானூத்தி எம்பத்திநாலு. இருபத்திரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குதுங்க. வகுத்தா இருபத்திரெண்டு! பெட்டிக்கும் இருபத்திரெண்டு! ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணாக் கோத்தா, வோல்ட்டைச் சரிபாதியாப் பங்கு போட்டுக்கும்! பெட்டிக்கு அதோட நூத்திப்பத்து மட்டும் போகும், அளவாச் சூடாகும்!"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி சூடாகும் என்பது மட்டும் புரிந்தது. சரியென்றார்.

அவர் தம் பையிலிருந்த ஆம்பியர் மீட்டரையும் நடுவில் சேர்த்துக் கோத்தார். பந்தல் விளக்கெல்லாம் மங்கி, பழுத்த ஆரஞ்சு நிறமாயிற்று. ஆனால் ஆம்பியர் மீட்டரின் முள் ஐந்தைத் தாண்டி நின்றது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏணியை நகர்த்தி நகர்த்தி, பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆறு கழன்றதும் முள் ஐந்துக்கு வந்தது. கோட்டைச் சுருக்கமில்லாமல் தேய்த்தாயிற்று. சம்பந்தியம்மாளுக்கோ கோட்டின் மேல் கண்ணே இல்லை. "இந்த வெளிச்சத்துல எல்லாரும் லட்சணமா இருக்கறாங்க, இப்படியே இருக்கட்டுங்க" என்றார்.

முதலாளி தம் கையாலேயே இலை போட்டு வகுத்தல்காரரை உட்கார வைத்தார். அவர் சாப்பிடவில்லை. சாம்பார் சாதத்தில் விரலால் வகுத்துக்கொண்டிருந்தார். "கணக்கு எப்படீங்க பிசகுச்சு? எங்க போச்சு அந்த ஆறு பல்பு?"

நாலு நாள் கழித்துக் காலையில் என் கதவைத் தட்டினார். கண்ணெல்லாம் சிவப்பு, முகமெல்லாம் சிரிப்பு. "கண்டுபுடிச்சிட்டேனுங்க! பல்புக்குள்ள கம்பி நல்லாச் சூடானா சண்டி பண்ணுது. மங்கலா எரிஞ்சா இளகிக் குடுக்குது. தடை ஒரே எண் இல்லீங்க சாமி, சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறுது!" புதையல் கிடைத்தவர்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அன்று பள்ளிக்கு நான் தாமதமாகத்தான் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஆத்தூருக்கு மாற்றலாயிற்று. வழியனுப்ப வந்தவர், பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே ஓடிவந்தார். "அங்க எத்தனை வோல்ட்டுன்னு ஒரு கார்டு போடுங்க சாமி!"

ஆத்தூரில் இறங்கியதும் அதைத்தான் விசாரித்து எழுதினேன். வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்கு எழுதியது மறுநாள்தான்.