ஐந்து இலை வாங்கிய ஆலை

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் பசுமை ஜோசியர். பட்டம் நாங்கள் கொடுத்தது. கோட்டும் டையும் அவர் போட்டுக்கொண்டது. கம்பெனிகளின் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல் ஒன்று முதல் ஐந்து வரை இலை கொடுப்பார். ஐந்து இலை வாங்கிய கம்பெனியின் பங்கை அவர் மூலமாக வாங்கினால் லாபம் கொட்டுமாம். ஏமாறுவதற்கு முன்பதிவு வேறு!

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மகா புத்திசாலி நான்தான். நான் வேலை செய்யும் சாய ஆலைக்கு ஐந்து இலை. அதன் அறிக்கையை எழுதியவன்? சாட்சாத் நானே! போன வருட அறிக்கையை எடுப்பேன், வருடத்தை மாற்றுவேன், கழிவுநீரில் பத்து சதவீதம் குறைப்பேன், அட்டையில் ஒரு மரம் போடுவேன். அந்தப் புளுகை ஜோசியர் புகழ்ந்ததும் எனக்கே புல்லரித்துவிட்டது. மகளின் படிப்புக்குச் சேர்த்ததை எல்லாம் எங்கள் ஆலைப் பங்கிலேயே போட, காசோலையோடு வந்திருந்தேன்.

பக்கத்தில் என் மனைவி. அதே ஆலையில் கழிவுநீரைச் சோதிப்பவள்.

"ஏங்க, தினமும் நான் குறிச்சு வைக்கிற நோட்டைப் பார்த்தா எழுதினீங்க?"

"சும்மா இரு. அவருக்குத் தெரியாததா?"

"அப்ப கேட்டுடுவோம்." விறுவிறுவென்று மேடையேறி ஓர் அறிக்கையை நீட்டினாள். "ஐயா, இந்த ஆலைக்கும் சொல்லுங்க. இதுல ஒரு எண்கூடப் பொய்யில்ல."

தடவினார். "புகை பூஜ்யம்! கழிவுநீர் பூஜ்யம்! அடடா, அஞ்சு இலை! அடுத்த வருஷம் லாபம் ரெண்டு மடங்கும்மா!"

கைதட்டல். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அடியேன்.

"அது எங்க பழைய ஆலைங்க. பூட்டி மூணு வருஷம் ஆச்சு. புகை எங்கேருந்து வரும்? லாபந்தான் எங்கேருந்து வரும்?"

ஜோசியர் கண்ணைத் திறந்தார். "அது வந்து... கிரக... இல்ல, சந்தை நிலவரம்..."

"பூட்டுக்கு லாபமாய்யா? எங்க பணத்தை எடுத்து வை!" என்று பின்வரிசை எழுந்தது. அவர் பின்வாசலைத் தேடினார்.

வரும் வழியில் மனைவி சொன்னாள்: "நிஜமா தண்ணியை மிச்சம் பிடிச்சா செலவு குறையும். அது மீட்டர்ல தெரியும், தடவினா தெரியாது. சரி, அந்த ஆளு ஃப்ராடு. நீங்க யாரு?"

வெட்கமாக இருந்தது. காசோலையைக் கிழித்தேன். மறுநாள் அவள் நோட்டைப் பார்த்து அறிக்கையைத் திருத்தினேன். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அட்டையில் மரத்தைப் பார்த்ததும் பணப்பையைத் திறக்கும் அன்பர்களே, ஆலைக்குப் பின்னால் போய் வாய்க்காலில் என்ன நிறம் ஓடுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். மரத்தை ஒட்டியவனே சொல்கிறேன்.