மொட்டை மாடிப் பங்கீடு குறித்து மச்சானுக்கு

ஆண்டித்திட்டு,
பங்குனி 18.

மதிப்பிற்குரிய மச்சான் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, தேவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். சிதம்பரத்தில் தாங்களும், தங்கள் வீட்டாரும், நான்கு நாட்களாகத் தங்கள் வீட்டில் இருக்கும் தங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். நேற்று இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் "ஹலோ" என்றது பவானியின் குரல். கை தானாகக் கட் செய்துவிட்டது. எனவே கடிதம்.

பேச்சு வேறெங்கும் போய்விடாமல் இருக்க, சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டுவிடுகிறேன்.

1. மொட்டை மாடியை நான் பங்கு பிரித்தது நியாயமே.
2. பவானியின் பங்கில் நிழல் விழுகிறது என்பது ஆதாரமற்ற புகார்.
3. அவள் கொடுத்த மனுவை நான் விதிப்படிதான் வாங்கினேன். கேலி செய்யவில்லை.
4. ஆகவே நான் வந்து கூப்பிடுவதற்கில்லை. தானாகப் போனவள் தானாக வரட்டும்.

முதலாவது. எங்கள் தெருவில் வெளிப்பக்கம் படிக்கட்டு வைத்த மாடி எங்கள் வீட்டில் மட்டும்தான் என்பது தங்களுக்குத் தெரியும். தை பிறந்ததும் காய வைக்க வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு ஜான்சி நெத்திலிக் கருவாட்டைக் கொண்டுவருவாள், பக்கத்து வீட்டுத் தைலம்மாள் புளியைக் கொண்டுவருவார், பவானிக்குக் கூழ்வத்தல். அதுவும் இந்த வருடம் சித்திரை பத்தாம் தேதி தங்கள் மகள் இளமதி கல்யாணத்துக்கு அத்தை சீராக இரண்டு டின் கூழ்வத்தல் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் மேலே ஏறினால் கீழே எனக்குச் செய்தித்தாள் படிக்க முடியாது. "உன் நெத்திலி காத்துல பறந்து என் புளியில வுழுது ஜான்சி!" என்பார் தைலம்மாள். "வுழுந்தா இன்னாக்கா, எப்புடியும் கொழம்புல ஒண்ணாத்தானே சேரப் போவுது?" என்பாள் அவள். "சேர்றது என் சட்டியில சேரட்டும்டி, மாடியில சேர வாணாம்!" இதையே தினமும் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் படம் வரைந்தவன் நான். நான் போட்ட கோட்டை எந்தக் கோர்ட்டும் தள்ளியதில்லை. தள்ளியிருந்தாலும் என் காதுக்கு வரவில்லை. பொங்கல் முடிந்ததும் டேப் பிடித்து அளந்து, படம் வரைந்து, வெள்ளைப் பெயிண்டால் மூன்று பங்கும் நடுவில் இரண்டடி நடைபாதையும் கோடு போட்டேன். விருந்தாளிகள் முதலில் தேர்ந்தெடுக்கட்டும், வீட்டுக்காரி கடைசியில் எடுக்கட்டும் என்றேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாதல்லவா? இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாவது. அவளுக்கு வந்தது தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே உள்ள மூன்றாம் பங்கு. தொட்டி நிழலை நான் கவனிக்காமல் விட்டேன் என்கிறாளாம். மச்சான், தை எட்டாம் தேதி காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் மேலே ஏறி நிழலின் விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டவன் நான்! காலை நிழல் வடமேற்கே சாய்ந்து விழுந்தது. அதற்காகவே அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் நடைபாதை ஆக்கினேன். ஆனால் போன வாரம் மூன்று நாள் அவள் ஊற்றிய வத்தல் காயாமல் பூசணம் பூத்துவிட்டதாம், பழி என் படத்தின் மேல். கூழில் தண்ணீர் ஜாஸ்தி ஆகியிருக்கலாமே என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதற்கு அவள் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

நாலாம் நாள் மேலே போய்ப் பார்க்கிறேன், அவள் வத்தல் ஊற்றிய துணி ஒன்றரை அடி நடைபாதைக்குள் வந்திருக்கிறது. பொதுப் பாதை! வேறு யாராவது செய்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? (இருந்திருப்பேனோ என்னவோ, ஜான்சியிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.) "பவானி, துணிய உள்ள இழு" என்றேன். "போட்டுக்கட்டும் மாமா, நாங்க தாண்டிப் போறோம்" என்றாள் ஜான்சி. "அது முடியாதும்மா, எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றேன். பவானி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது நான் குடித்தனம் பண்ற வூடா, இல்ல தாலுகா ஆபீசா?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னாடி! பதட்டத்துல பழைய ஆபீஸ் வாய் வந்துடுச்சு மச்சான். "ஆட்சேபணை இருந்தா மனுவா எழுதிக் குடு"ன்னுட்டேன். தைலம்மாள் சிரிச்ச சிரிப்புல புளி பாதி கீழ கொட்டிப்போச்சு.

மூன்றாவது. அரை மணி கழித்து அவள் உண்மையிலேயே எழுதிக்கொண்டு வந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம். அப்படியே தருகிறேன்: "மனுதாரர் பவானி, மூணாவது பங்கு. கல்யாணமாகி நாப்பத்தோரு வருசம் ஆவுது. வெயில் வேணும்." அவ்வளவுதான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிழித்துப் போட்டிருந்தால் அது அவமரியாதை. சிரித்திருந்தால் கேலி. முறைப்படி தேதி போட்டு, "பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டு அவளிடமே ஒரு நகல் கொடுத்தேன். அந்த நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறியவள்தான். போகும்போது, "பரிசீலன முடிஞ்சா சொல்லி அனுப்புங்க" என்றாள். இவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

நான்காவது. கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனவளைப் புருஷன் வந்துதான் அழைத்துப் போக வேண்டும் என்று தங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, தெரியும். அது குற்றம் செய்த புருஷனுக்கு. நான் செய்த குற்றம் எது என்று மேலே நான்கு பாயிண்டையும் திரும்பப் பார்த்துத் தாங்களே சொல்லுங்கள். சித்திரை பத்து நெருங்குகிறது, ஒரு டின் கூட நிறையவில்லை. வத்தல் இல்லாமல் அத்தை வெறுங்கையோடு வந்து நின்றாள் என்ற பேச்சு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை என்பதை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுகிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். மணப்பெண் இளமதிக்கு என் ஆசி. அவளுக்கு வாய்த்திருக்கும் மாப்பிள்ளை கணக்குப் படித்தவராக இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள்,
தேவநாதன்.

பின்குறிப்பு: பங்குனி 19, மதியம் பன்னிரண்டரை. மூன்றாம் பங்கில் வெயில் இருக்கிறது என்பதை நிரூபிப்பதற்காக இன்று காலை, ஜான்சி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நானே அரைப்படி அரிசிக்குக் கூழ் கிண்டி அங்கே துணி விரித்து ஊற்றினேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் தொட்டி நிழல் துணி மேல் படுத்திருந்தது. பதினொன்று வரை எழுந்திருக்கவில்லை. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருந்தான், நிழல் வடமேற்கே போயிற்று. பங்குனியில் நேர்கிழக்குக்கு வந்துவிட்டான், நிழல் நேர்மேற்கே அவள் பங்கில் விழுகிறது. ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆக இரண்டாவது பாயிண்ட் தவறு. "இதத்தானே மாமா அத்தை மூணு நாளா சொல்லுச்சு?" என்றாள் ஜான்சி. படியிறங்கி வந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். அதனால் ஒரு மணி பஸ்ஸில் நானே எடுத்து வருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது நான் தங்கள் கூடத்தில் கதவோரம் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து வாய்விட்டுப் படிக்க வேண்டாம். இரண்டாவது பாயிண்டை மட்டும் பவானியிடம் தாங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. மற்ற மூன்றும் சரிதான். ஆனால் அவற்றைச் சொல்ல வேண்டாம்.