ஜூஸ் வந்த வழி

‘ஜூஸ்: பந்தயப் பணத்தில் தரகர் பிடித்துக்கொள்ளும் கமிஷன், கொச்சை வழக்கு’ என்பது வரை அகராதியின் பழைய பதிப்பிலேயே இருந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் இல்லை. புதிய பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பு போட்டாக வேண்டும். சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் துணையாசிரியரின் மேஜையில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

துணையாசிரியர் சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டதில்லை. விவரம் தெரிந்தவன் மச்சான்தான் என்று அவனுக்குப் போன் செய்து, பந்தயத்தில் ஜூஸ் எவ்வளவு, ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்தார். மச்சான், பந்தயத் தரகர் ஒருவர் நடத்தும் வாட்ச் ரிப்பேர் கடையைக் கைகாட்டினான். கையோடு அக்காவுக்கும் போன் போட்டு, அத்தான் பந்தயத்தில் இறங்கிவிட்டார் என்றான்.

ஐந்தாவது நிமிடம் மனைவி கூப்பிட்டாள். எதற்கு வம்பு என்று, வாட்ச் ரிப்பேர் பண்ணப் போவதாக ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"நீங்க வாட்சே கட்டறதில்லையே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அவள்.

கடைக்காரர் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே, பந்தயம் கட்டாதவர்களிடம் தொழில் பேசுவதில்லை என்றார். வேறு வழியில்லாமல் துணையாசிரியர், கடை டிவியில் தெரிந்த குதிரைகளிலேயே சோனியான ஒன்றின் மேல் சட்டைப்பையில் இருந்ததைக் கட்டினார். தோற்றுத் தொலைத்தால் கேட்க வந்ததைக் கேட்டுக்கொண்டு கிளம்பலாம். பாழாய்ப்போன குதிரை முதலில் வந்து தொலைத்தது.

கடைக்காரர் ஒரு நோட்டை உருவிக்கொண்டு மிச்சத்தை அவர் கையில் திணித்த நேரத்தில்தான் வாசலில் மனைவி வந்து நின்றாள். விலாசம் தம்பியின் உபயம்.

அகராதி, பதிப்பு, ஜூஸ் என்று அவர் உளறியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நோட்டுகளையே பார்த்தபடி, "எத்தனை வருஷமா நடக்குது இது?" என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது.

அவர் கடைக்காரரைக் கும்பிட்டு, "ஐயா, நான் எதுக்கு வந்தேன்னு நீங்களே சொல்லுங்க," என்றார்.

கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது. பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சார் சொல்றது நெசந்தாம்மா. பதினஞ்சு வருஷம் முன்னாடி இவங்க ஆபீஸ்ல இருந்தே ஒருத்தர் வந்தார். கமிஷனை நீங்க என்னன்னு சொல்வீங்கன்னு கேட்டார். கமிஷன்னுதான் சொல்வோம்னேன், மனுஷன் நம்பல, எடத்தைவிட்டு நகரவும் இல்ல. அப்ப நான் குடிச்சுக்கிட்டிருந்ததைப் பார்த்து, ஜூஸ்னு ஒண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டேன். புஸ்தகத்துல வந்ததுக்கப்புறம்தான் நாங்களே அப்படிச் சொல்ல ஆரம்பிச்சோம்."