அண்ணாச்சியும் நாலு மணி வெயிலும்

புனேயில் சூரியனுக்கே வருகைப் பதிவேடு வைத்திருந்த ஒரே மனிதர் பர்தா அண்ணாச்சிதான். இந்த ஊரில் ஜன்னல் திரைக்குப் பெயர் பர்தா. கேம்ப் என்ற கடைத்தெருப் பகுதியில் அதைத் தைத்து மாட்டும் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர்.

ஊர் ஓரத்து ஹிஞ்சேவாடியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கம்பெனி மீட்டிங் ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நாலு மணிக்கு வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் புரொஜெக்டர் படம் தெரியாது. வெளிநாட்டு கிளையன்ட் ஒருமுறை வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடியும் அப்படி ஆனால், அட்மின் பொறுப்பிலிருந்த நான் வீட்டுக்குப் போகலாம் என்று எம்.டி. சொல்லிவிட்டார். அடுத்த மீட்டிங்குக்கு நாலே நாள்.

அண்ணாச்சியை அழைத்தேன். வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. ஹாலில் எம்.டி.யின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“அளவு எடுக்கலியா அண்ணாச்சி?”

“வெயிலு எங்க வருது, எங்க போவுதுன்னு பாக்காம துணியில கத்திரி வைக்க மாட்டேன் தம்பி.”

மூன்று நாள் பார்த்தார். அரை மணிக்கொரு தடவை தரைவிரிப்பில் வெயில் விழுந்த ஓரமாகச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினார். எட்டிப் பார்க்க வந்த எம்.டி.யிடம், “சாப், நீங்க மூணரை மணி மேல நிக்கீங்க” என்று இந்தியில் சொன்னார். எம்.டி. நகர்ந்துகொண்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நாலாம் நாள், மணி மூன்றேகால். கிளையன்ட் கீழே காபி குடித்துக்கொண்டிருக்கிறார். முந்தின நாள் அண்ணாச்சி அடித்த கம்பிகள் மொட்டையாக நிற்கின்றன. அப்போதுதான் மூட்டையோடு வந்து சேர்ந்தார். எம்.டி. கேட்டிருந்தது கனமான கருநீலத் துணி. மூட்டையில் முக்கால்வாசி மெல்லிய வெள்ளைப் பருத்தி.

“என் வேலை போயிரும் அண்ணாச்சி.”

“படம் இருக்க பக்கம் கனத்த துணி. மனுசங்க இருக்க பக்கம் மெல்லிசு. எல்லாத்தையும் இருட்டாக்கினா தூங்கிருவாங்க தம்பி. ஏணியப் பிடிங்க.”

பிடித்தேன். அவர் மேலே ஏறித் திரை வளையங்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டினார். கடைசி வளையத்தை மாட்டவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

நாலு மணி வெயில் வந்தது. வெள்ளைத் துணியில் வடிந்து, கண்ணை உறுத்தாமல் மேசை மேல் பரவியது. படமும் தெரிந்தது, எதிரே இருப்பவர் முகமும் தெரிந்தது. கிளையன்ட் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விலையைப் பற்றித்தான் பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்தால், ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே இருந்த என் மேசையருகே ஸ்டூல் போட்டு ஏறி, மிச்ச வெள்ளைத் துணியை என் ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

“இத யார் கேட்டா?”

“மூணு நாளா பாக்கேன். காலையில பூரா கண்ணச் சுருக்கிட்டே எழுதுதீங்க.”

அதற்குப் பிறகு மூன்று கம்பெனி மாறிவிட்டேன். இப்போதைய என் அறைக்கு ஜன்னலே கிடையாது. இருந்தாலும் அந்த வெள்ளைத் துணியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.